கடைசித் தேதி இல்லாத காரியங்கள்

வலங்கைமான் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பேருக்குத்தான் ஜெராக்ஸ், நாளில் பெரும்பகுதி ஆன்லைனில் விண்ணப்பம் போடுவதில்தான் போகும். வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, டிஎன்பிஎஸ்சி, பயிர்க் காப்பீடு, பாஸ்போர்ட் என்று ஆலங்குடியிலிருந்தும் ஆவூரிலிருந்தும் மஞ்சள் பையோடு வருவார்கள். "நேத்தோட முடிஞ்சிடுச்சாக்கா?" என்று கேட்டுவிட்டு, அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்க மனசில்லாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்கள் பாருங்கள், அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதத் தோன்றியது.

ஆனால் இத்தனை வருடம் இந்த மேஜையில் உட்கார்ந்ததில் ஒன்று தெரிந்துகொண்டேன். கடைசித் தேதி உள்ள காரியங்களை மனுஷர்கள் எப்படியாவது செய்துவிடுகிறார்கள். கடைசி நாள் ராத்திரி சர்வர் நகராது, கரண்ட் போகும், கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு வாசலில் நிற்பார்கள், ஆனாலும் போட்டுவிட்டுத்தான் போவார்கள். தேதி இல்லாத காரியங்கள்தான் அப்படியே நின்றுபோகின்றன. அண்ணனோடு பேசுவதற்கோ, அம்மாவைக் காசிக்கு அழைத்துப்போவதற்கோ, விட்ட படிப்பைத் தொடர்வதற்கோ யாரும் கெடு வைப்பதில்லை. அதனால் அவற்றை இன்றைக்குச் செய்யவில்லை என்று யாரும் நம்மைக் கேட்பதும் இல்லை. பிறகு ஒருநாள் சாவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்" என்போம்.

தேதி இல்லாததற்குத் தேதி வைப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். அதற்கு முன்னால், தேதி இருந்தும் நமக்குத் தெரியாமல் மூடிக்கொள்ளும் சில கதவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆளுக்கொரு பக்கம்

ஒரு நோட்டு வாங்குங்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, மேலே பெயரும் பிறந்த தேதியும் எழுதுங்கள். கீழே, அவருக்கு எந்த வயதில், எந்த வகுப்பில் எது முடிந்துபோகிறது என்று குறித்து வையுங்கள்.

எட்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் அந்தப் பக்கத்தில் முதல் வரி என்எம்எம்எஸ் தேர்வு. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கான மத்திய அரசு உதவித்தொகை இது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு வருடத்தில் 48,000. எட்டாம் வகுப்பில்தான் எழுத முடியும். ஒன்பதாவது போனபின் கேட்டு வருகிறவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. விதைநெல்லுக்கே கடன் வாங்கும் வீட்டில் இந்த 48,000 எவ்வளவு பெரிய பணம் என்று எனக்குத் தெரியும். அதனால் எட்டாம் வகுப்புப் பிள்ளை யார் நோட்டு வாங்க வந்தாலும் இதைச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

பெண் குழந்தைக்குச் செல்வமகள் கணக்கு பத்து வயதுக்குள் ஆரம்பித்தாக வேண்டும். குறைந்தது 250 ரூபாய் போதும், தபால் ஆபீஸிலேயே செய்யலாம். பன்னிரண்டாவது முடித்துப் பொறியியல் மாதிரித் தொழிற்படிப்புக் கலந்தாய்வுக்குப் போகும் பிள்ளை, வீட்டில் முதல் பட்டதாரி என்றால், ரிசல்ட் வருவதற்கு முன்பே அந்தச் சான்றுக்கு எழுதிப் போட்டுவிட வேண்டும். ரிசல்ட் வந்த வாரம் எல்லோரும் ஒரே சமயத்தில் வருவார்கள்.

வீட்டில் உழைக்கிறவர்களின் பக்கத்தையும் விடாதீர்கள். அடல் பென்ஷன் திட்டம் 18 முதல் 40 வயது வரைக்கும்தான், வருமான வரி கட்டுகிறவர்கள் சேர முடியாது. அறுபதுக்குப் பிறகு மாதம் 5,000 ரூபாய் வேண்டும் என்றால், 18 வயதில் சேருகிறவர் மாதம் 210 ரூபாய் கட்டினால் போதும். 40 வயதில் சேருகிறவர் அதே 5,000-க்கு மாதம் 1,454 கட்ட வேண்டும். மெக்கானிக் கடையில் வேலை பார்க்கும் தம்பிகளிடம் இந்த இரண்டு எண்ணையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பேன். வேறு எதுவும் பேசமாட்டேன். பாதிப் பேர் அந்த வாரமே பாங்குக்குப் போய்விடுகிறார்கள்.

சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் 15 கெடு. அடங்கல், சிட்டா, பாங்கு புத்தகம், ஆதார் எல்லாவற்றையும் தீபாவளிக்கு முன்பே ஒரு உறையில் போட்டு வையுங்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா கரை ஏறியது. கெடு நவம்பர் 15 என்பதையும் புயல் வந்த தேதியையும் சேர்த்துச் சொன்னால் எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

மூடியதா, மூடியதாக நினைக்கிறோமா

இதில்தான் ஜனங்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். "எனக்கு வயசாயிடுச்சுக்கா" என்று சொல்லிக்கொண்டு, திறந்தே கிடக்கும் கதவுக்கு வெளியே நிற்கிறார்கள்.

பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத மேல் வயது வரம்பு கிடையாது. பத்தாவதை முதல்முறையாக நேரடியாக எழுதுகிறவர்கள் மறக்கக்கூடாத ஒன்று இருக்கிறது. தேர்வுக்கு விண்ணப்பிப்பதற்குப் பல மாதம் முன்பே அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பதிய வேண்டும். அதை விட்டால் அந்த வருடம் போய்விடும். எங்கள் பக்கத்துக் கிராமத்தில் நூறு நாள் வேலைக்கும் போய்க்கொண்டு, வீட்டில் ரவிக்கையும் தைக்கும் ஒரு பெண் நாற்பதைத் தாண்டியபின் பத்தாவது எழுதினாள். எதுக்கு இப்போ என்று அவள் மாமியார் கேட்டதற்கு, "மார்க் ஷீட்டுல எம்பேரைப் பாக்கணும்" என்றாள். ராத்திரி உலை கொதிக்கும் நேரத்தில் சமூக அறிவியலில் ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டாளாம். உலை எப்படியும் தினமும் வைத்தாக வேண்டும் என்பதால் படிப்பும் விட்டுப்போகவில்லை. அவளுடைய மார்க் ஷீட்டைக் கலரில் நகல் எடுத்துக் கொடுத்தபோது காசு வாங்க எனக்குக் கை வரவில்லை.

சரி, நிஜமாகவே மூடிவிட்ட கதவு? அதுவும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ராணுவத்துக்குப் போக ஆசைப்பட்டு வயது கடந்துவிட்ட ஒருவர் எங்கள் பக்கம் இருக்கிறார். ரொம்ப காலம் அந்தக் குறையோடு இருந்தார். இப்போது விடியற்காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் பையன்களை 1,600 மீட்டர் ஓட வைக்கிறார். ஆள் சேர்ப்புக்கு என்ன சான்று வேண்டும் என்று கேட்க அவர்களை அவரே என் கடைக்கு அழைத்து வருவார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்! போன வாய்ப்பில் உங்களுக்கு எது வேண்டியிருந்தது என்று கேட்டுப் பாருங்கள். சீருடையா, ஒழுங்கான வாழ்க்கையா, நாலு பேருக்கு முன்னால் நிற்பதா, சம்பளமா? கதவு மூடியிருந்தாலும் இவற்றில் ஒன்றிரண்டை வேறு வழியில் அடையலாம். நர்ஸ் ஆக முடியாமல் போன பெண், நர்ஸ் வேலையில் எது பிடித்தது என்று யோசித்துப் பார்த்தால், தெருவில் சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு மாத்திரை நேரம் எழுதிக் கொடுப்பதில் ஆரம்பிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் இப்படி மாற்று இருக்கும் என்று சொல்ல வரவில்லை. சில நஷ்டம் நஷ்டம்தான். அதற்கு அழுதுவிடலாம்.

ஊர் நாட்காட்டியில் கெடு வையுங்கள்

தேதி இல்லாத காரியங்களை நோட்டின் பின்பக்கத்தில் எழுதுங்கள். நிறைய வேண்டாம், மூன்று போதும். யாரோடு பேச வேண்டும், யாரைக் கூட்டிக்கொண்டு எங்கே போக வேண்டும், எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இதற்கு "அடுத்த வருஷத்துக்குள்ள" என்று கெடு வைத்தால் அது நிற்காது. நம் ஊரில் எல்லாரும் வைத்திருக்கும் தேதிகளோடு கட்டுங்கள். மேட்டூர் திறக்கும் ஜூன் 12, ஆடிப்பெருக்கு, தீபாவளி, பொங்கல், மாசி மகம். இந்த நாட்களை நாம் மறந்தாலும் ஊர் மறக்க விடாது. மேட்டூர் மட்டும் சில வருடம் தள்ளிப் போகும், 2024-ல் ஜூலை 28 வரை போனது. அதனால் அணையை நம்பிக் கெடு வைக்காமல் பண்டிகையை நம்பி வையுங்கள்.

பேச்சு நின்றுபோன அக்கா தங்கை விஷயத்தில் இது ரொம்ப நன்றாக வேலை செய்கிறது. சொத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரங்களின் நகல் நிறைய என் மெஷினில் ஓடியிருக்கிறது. கையெழுத்துப் போடச் சொல்லிப் பேச்சு முற்றி, பத்து பன்னிரண்டு வருடமாக ஒருவர் வீட்டு வாசலை ஒருவர் மிதிக்காத குடும்பங்கள் டெல்டாவில் தெருவுக்கு ஒன்று உண்டு. 1989-லேயே தமிழ்நாட்டில் பெண்ணுக்குச் சமபங்கு சட்டம் வந்துவிட்டது. அந்தக் கணக்கை வக்கீலிடமோ பெரியவர்களிடமோ தனியாகத் தீர்த்துக்கொள்ளலாம். சொத்துக் கணக்கு தீரட்டும், அப்புறம் போய்ப் பார்க்கிறேன் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

இப்படிச் செய்து பாருங்கள். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் கரும்பு, மஞ்சள் கொத்து, ஒரு வாழைத்தார், பச்சரிசி, வெல்லம், அவளுக்கு ஒரு புடவை எல்லாம் எடுத்துக்கொண்டு வரிசை வைக்கப் போங்கள். அண்ணன் தம்பி வரிசை கொண்டு வருவதற்கு நம்மில் காரணம் கேட்க மாட்டார்கள். போன் போட்டுச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், வராதே என்று சொல்ல அவளுக்கு ஒரு சந்தர்ப்பம் ஆகிவிடும். பகல் பதினோரு மணி சுமாருக்குப் போங்கள். மச்சான் வெளியே போயிருப்பார், வீட்டில் சமையல் நடந்துகொண்டிருக்கும். சொத்துப் பேச்சை நீங்கள் எடுக்காதீர்கள், அவள் எடுத்தால் "அது கெடக்கு, அப்புறம் பேசுவோம்" என்று விட்டுவிடுங்கள். காபி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாமல் குடியுங்கள். முதல் தடவை கதவைத் திறக்காமலே போகலாம். தட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு வந்து, அடுத்த வருடமும் போங்கள்.

நாளை மட்டும் குறித்தால் போதாது, நேரமும் இடமும் முதல் அசைவும் சேர்ந்திருக்க வேண்டும். ஜெர்மானிய மனவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களில் இதை ஆராய்ந்தார். செய்ய வேண்டும் என்று வெறுமனே நினைத்தவர்களைவிட, எப்போது, எங்கே, எப்படி என்று முன்கூட்டியே தீர்மானித்தவர்கள் அதிகமாகச் செய்து முடித்தார்கள். "அம்மாவுக்குக் கண் காட்டணும்" என்று எழுதாதீர்கள். "புதன்கிழமை காலை ஏழரை பஸ், கும்பகோணம், பழைய கண்ணாடியும் மாத்திரைச் சீட்டும் கையில்" என்று எழுதுங்கள்.

"இது முடியட்டும்"

பெண் கல்யாணம் முடியட்டும், வீடு கட்டி முடியட்டும், ரிட்டயர் ஆகட்டும். ஒன்று முடிந்தால் அடுத்தது வரும். அதனால் முடிந்தபின் செய்கிறேன் என்பதை நான் இப்போது நம்புவதே இல்லை.

உளுந்து விதைப்பதைப் பாருங்கள். சம்பா அறுத்து முடிக்கட்டும், களம் தூற்றட்டும், அப்புறம் விதைக்கலாம் என்று எங்கள் பக்கம் யாராவது காத்திருக்கிறார்களா? நெல் நிற்கும்போதே, அறுப்புக்கு ஏழு முதல் பத்து நாள் முன்னால், வரப்பிலிருந்து இறங்கி நெற்கதிருக்கு நடுவே உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். அப்போது மண் மெழுகு பதத்தில் இருக்கும். தண்ணீர் நின்றால் விதை அழுகிவிடும், காய்ந்துவிட்டால் முளைக்காது. அறுக்க ஆள் இறங்கும்போது தாளுக்கு அடியில் பச்சையாக முளைத்து நிற்கும். அறுப்பில் கொஞ்சம் மிதிபடும், அது போனால் போகட்டும். மிச்சம் பனியிலும் மண்ணின் ஈரத்திலுமே வளர்ந்து பங்குனிக்குள் வந்துவிடும். அறுப்பு முடியட்டும் என்று இருந்தவனுக்கு அந்த ஈரம் கிடைக்காது.

கல்யாண வேலை நடக்கும்போதே தையல் கற்கப் போகலாம், வாரம் ஒரு நாள் போதும். வீடு கட்டும்போதே அம்மாவோடு ராமேஸ்வரம் போய் வரலாம், ஒரு ராத்திரிதான். வேலையில் இருக்கும்போதே, ரிட்டயர் ஆனபின் செய்ய நினைப்பதை மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பாருங்கள். ரிட்டயர் ஆனபின் இயற்கை விவசாயம் செய்வேன் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒருவர் இரண்டு ஞாயிறு களை பறித்துவிட்டு, எனக்கு மீன் வளர்ப்புதான் சரி என்று மாறிவிட்டார். அறுபதில் தெரிய வேண்டியது ஐம்பத்து மூன்றில் தெரிந்தது.

மகாமகக் கணக்கு

இதை ஒருமுறை செய்து பாருங்கள், கால் மணி நேரம் ஆகும். மகாமகம் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை. கடைசியாக 2016 பிப்ரவரியில் வந்தது, அடுத்தது 2028, அப்புறம் 2040 வாக்கில். ஒரு காகிதத்தில் இந்த வருடங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே உங்கள் வயது, அப்பா அம்மா வயது, பிள்ளைகள் வயது போடுங்கள். 2016-ல் அம்மாவுக்கு 60 என்றால் 2028-ல் 72, 2040 வாக்கில் 84. அவளால் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு குளத்துப் படியில் இறங்க முடிகிற மகாமகம் எது? பிள்ளை உங்களோடு வரச் சம்மதிக்கும் வயதில் இருக்கிற மகாமகம் எது? பேரன் பேத்தி எடுத்தவர்கள் இந்தக் கணக்கைப் போட்டால் அப்படியே சும்மா இருந்துவிடுகிறார்கள். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. "இன்னும் நாள் இருக்கு" என்பது எத்தனை நாள் என்று கண்ணால் பார்த்தால் எதை முதலில் செய்வது என்று தானே புலப்படும்.

எதற்காக என்ற கேள்வி

எங்கள் ஊர் மகா மாரியம்மன் கோயிலில் பங்குனி இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை பாடைக்காவடி. சாகக் கிடந்து பிழைத்தவர்கள் வேண்டுதலைச் செலுத்தும் நாள். குடமுருட்டியில் குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, பச்சை மூங்கில் பாடையில் படுத்துக்கொள்வார்கள். பிணத்தைக் கட்டுவதுபோலவே கட்டுவார்கள். ஒருவர் தீச்சட்டியோடு முன்னால் நடக்க, நாலு பேர் தூக்கிக் கோயிலை மூன்று சுற்றுச் சுற்றி வருவார்கள். அப்புறம் கட்டை அவிழ்த்து எழுப்புவார்கள். எழுந்து உட்கார்ந்ததும் முதலில் பெண்டாட்டியைத் தேடுகிறவர்கள் உண்டு, பிள்ளையைத் தேடுகிறவர்கள் உண்டு. அந்தக் கண்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி தானாக வரும்: திரும்பக் கிடைத்த இந்த நாட்களை வைத்து என்ன செய்வது?

அப்படி எழுந்த பெரியவர் ஒருவர் செய்வதைச் சொல்கிறேன். தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் நாள்கணக்கில் கிடந்து பிழைத்தவர். எந்தக் கட்டடத்தில் எது, ஓபி சீட்டு எங்கே, ஸ்கேனுக்கு எந்த வரிசை என்று அவருக்கு அத்துப்படி. இப்போது கிராமத்தில் யாருக்கு முடியவில்லை என்றாலும் அவர் கூடப் போகிறார். விடியற்காலை முதல் பஸ், கையில் பழைய ரிப்போர்ட் எல்லாம் தேதி வாரியாக அடுக்கிய பை, ஒரு தண்ணீர் பாட்டில், இட்லிப் பொட்டலம். முதல் தடவை போகிறவர்களுக்கு அந்த ஆள் பக்கத்தில் நிற்பது எவ்வளவு பெரிய தைரியம் என்பது போய் வந்தவர்களுக்குத்தான் தெரியும்.

வாழ்வின் நோக்கம் என்று பெரிதாக ஒன்றைத் தேடி மலைத்துப்போகிறவர்கள் இந்த இரண்டை மட்டும் எழுதிப் பாருங்கள். எந்தக் காரியத்துக்காக ஜனங்கள் தாமாக என்னைத் தேடி வருகிறார்கள்? எதைச் செய்துவிட்டுப் படுத்த ராத்திரி மனசு நிறைந்து தூங்கினேன்? இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால், வாரத்தில் அதற்கு ஒரு நேரம் ஒதுக்கிவிடுங்கள்.

பொய்க் கெடுகள்

"இன்னைக்கே கடைசி, பணத்தைக் கட்டிடுங்க" என்று அவசரப்படுத்துகிறவர்களிடம் மட்டும் நிதானம் வேண்டும். வாய்ப்பு போய்விடுமோ என்ற பயத்தை வைத்தே பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டு வேலை என்று சொல்லி நகையை அடகு வைக்க வைத்த கதைகள் டெல்டாவில் ஊருக்கு ஊர் இருக்கின்றன. ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்தவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். டூரிஸ்ட் விசாவில் போய் வேலையில் சேர்ந்துகொள்ளலாம் என்றால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். உண்மையான கெடு எழுத்தில் இருக்கும், அரசு அறிவிப்பிலோ பாங்கு தாளிலோ நீங்களே படித்துப் பார்க்க முடியும்.

வேண்டாம் என்று விட்டதை எழுதி வையுங்கள்

விட்ட வாய்ப்பு எல்லாம் தவறவிட்ட வாய்ப்பு என்று ஆகிவிடாது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலை கிடைத்தும், டயாலிசிஸுக்குப் போகும் அம்மாவை விட்டுப் போக முடியாமல் இங்கேயே தங்கிய ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அந்த முடிவை எடுத்த நாளே ஒரு தாளில் மூன்று வரி எழுதிக்கொள்ளச் சொன்னேன்: இன்றைக்கு என்ன தெரியும், எதை விடுகிறேன், யாருக்காக. பிற்பாடு கூடப் படித்தவர்கள் போட்டோ அனுப்பும்போதெல்லாம் மனசு பழைய கணக்கை மாற்றி எழுதப் பார்க்கும். அப்போது அந்தத் தாளை எடுத்துப் படிப்பாளாம். அன்றைக்குத் தெரிந்ததை வைத்து அன்றைக்கு எடுத்த முடிவு அது என்று அவள் கையெழுத்தே அவளுக்குச் சொல்லும்.

அமெரிக்காவில் தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் என்ற இரண்டு மனவியலாளர்கள் 1990-களில் இந்த வருத்தத்தைப் பற்றி ஆராய்ந்து எழுதினார்கள். செய்துவிட்டுப் படும் வருத்தம் உடனடியாகச் சுடுகிறது, காலம் போகப்போகக் கூடுதலாக உறுத்துவது செய்யாமல் விட்டது என்பது அவர்கள் கண்டது. என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் சொன்னதும் இதுதான். தேர்வு எழுதித் தோற்றவர்கள் இரண்டு வருடத்தில் அதைப் பேசாமல் ஆகிவிடுகிறார்கள். விண்ணப்பமே போடாதவர்கள் ஐம்பது வயதிலும் பேசுகிறார்கள்.

குரல்

கடைசியாக ஒன்று, இதை இந்த வாரமே செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் குரலைப் பதிவு செய்து வையுங்கள். போட்டோ எல்லார் வீட்டிலும் இருக்கிறது. குரல் இல்லை. அப்பா போனபின் வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய நாலு விநாடி "சாப்டியா" என்ற ஒன்றை எப்படியாவது சேமித்துத் தரும்படி என்னிடம் போனை நீட்டியவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் தெருவில் நடவுக்குப் போன ஒரு பாட்டி இருக்கிறார். இப்போது மெஷின் நடவும் நேரடி விதைப்பும் வந்துவிட்டதால் வயலில் நடவுப் பாட்டைக் கேட்க முடிவதில்லை. நாற்காலியில் உட்கார வைத்து, போனை நீட்டி, "பாடுங்க பாட்டி" என்றதற்கு, "எல்லாம் மறந்துபோச்சு ஆயி" என்றுவிட்டார். நான் விடவில்லை. தெருவில் ஒருவர் வயலில் நாற்று கிடந்தது, அதில் ஒரு முடி, அதாவது ஒரு கட்டு, எடுத்து வந்து கையில் கொடுத்தேன். முடியைப் பிரித்தார், வேரில் இருந்த சேற்றைத் தட்டினார், கட்டை விரலால் இரண்டு மூன்று நாற்றாகப் பிரித்தெடுத்தார். கை அந்தத் தாளத்துக்கு வந்ததும் வாய் தானாக எடுத்துக்கொடுத்தது. நடுவில் நிறுத்தி, இந்த அடியை இன்னார்தான் முதலில் எடுப்பாள், அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று சொல்லிவிட்டு மறுபடி பாடினார்.

ஆகவே பேசச் சொல்லாதீர்கள், கையில் வேலை கொடுங்கள். அப்பா மீன்வலை பின்னியவர் என்றால் நூலும் ஊசியும், அம்மாவுக்குக் கீரைக்கட்டு அல்லது முறம், தாத்தாவுக்கு வெற்றிலைப் பெட்டி. மின்விசிறியை நிறுத்துங்கள், போனை ஏரோபிளேன் மோடில் போட்டு ஒரு சாண் தூரத்தில் துணியின் மேல் வையுங்கள். காலை நேரம் நல்லது, குரல் தெளிவாக இருக்கும். முதலில் அவர் பெயரையும் பிறந்த ஊரையும் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். பிறகு சின்னச் சின்னதாகக் கேளுங்கள்: சின்ன வயசில் எந்த வாய்க்காலில் குளித்தீர்கள், கல்யாணத்தன்று என்ன மழை, முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள். அவர் பேச்சை நிறுத்தினால் உடனே அடுத்த கேள்வி போடாமல் கொஞ்சம் பொறுங்கள். நல்ல விஷயம் எல்லாம் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வரும். இருபது நிமிஷம் போதும், மறுநாள் தொடரலாம்.

பதிவுக்கு "அப்பா, பிறந்த ஊர், தேதி" என்று பெயர் வையுங்கள். போனில் மட்டும் விட்டுவிடாதீர்கள், போன் தண்ணீரில் விழும், தொலையும். ஒரு பென்டிரைவில் ஒன்று, சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் கூடப்பிறந்தவருக்கு ஒன்று அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினால் தரம் குறையாமல் போகும். எப்படி என்று தெரியாவிட்டால் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கேளுங்கள், செய்து கொடுப்பார்கள்.